மெத்தனால் எஞ்சினும் மும்தாஜின் பாதித் தூரமும்

மும்பை ரயில் நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன காவலர் முதலில் வெளியே எடுத்தது அகலமான பல் பெல்ட் ஒன்று. அடுத்து ஒரு டப்பா நிறைய, ஊசித்துளை போட்ட பித்தளை ஜெட்டுகள். அதற்கும் அடியில் ஸ்பார்க் பிளக்குகள். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் நசுங்கிக் கிடந்தன. "மாவு மில்லா?" என்று இந்தியில் கேட்டார். என்னுடைய இந்தி டீக்கடையோடு நின்றுபோன இந்தி. அதில் டிராக் ரேஸை விளக்கினால் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். "மாவு மில்தான்" என்றேன். "நல்ல தொழில்" என்று வாழ்த்தி அனுப்பினார்.

காவலரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் கால் மைல் ஓட்டம். வளைவு கிடையாது, பிரேக் கடைசியில்தான். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்காக மாதக்கணக்கில் உயிரை விடும் கூட்டம் எங்களுடையது. என்னை வரவழைத்த எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதில்லை, மெத்தனால் குடிக்கிறது. அதன் தலைமேல் சூப்பர்சார்ஜர் என்ற பொறி உட்கார்ந்து காற்றை நெருக்கித் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். எரிபொருள் மிஞ்சினால் வண்டி இருமும், குறைந்தால் பிஸ்டன் உருகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்குப் பெயர் ட்யூனிங். கோவை கணபதியில் பட்டறை வைத்து நான் பிழைப்பது அதில்தான்.

எஞ்சினின் சொந்தக்காரர் மாட்டுங்கா வெங்கட்ராமன். பெயிண்ட் தின்னர் தயாரிக்கும் சின்னக் கம்பெனி நடத்துகிறார். அதனால் மெத்தனால் வைத்திருக்க அவருக்கு அனுமதி உண்டு. பேரன் பேத்தி எடுத்த பிறகு இந்த ஆசை வந்து, வெளிநாட்டில் யாரோ கழற்றிப் போட்ட டிராக் வண்டி ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். வீட்டில் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ சண்முகம், மொதல்ல டிபன். எஞ்சின் சமாச்சாரத்தை வெறும் வயத்துல கேட்டா உங்களுக்கே ஆகாது" என்றார்.

மாட்டுங்காவின் தெருமுனை ஓட்டலில் ரசத்தில் மிதக்கும் இட்லியும், பின்னாலேயே காபியும் வந்தன. ரசம் கோவையைவிட நன்றாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் இதை மறுத்துவிடுவேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மராத்தியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன். "அந்த ஆள் சொல்றார், மெட்ரோ வந்தா வீட்டுக்குச் சீக்கிரம் போயிடலாம்னு. இந்த ஆள் கேக்கறார், சீக்கிரம் போயி என்ன பண்ணப் போறேன்னு" என்று மொழிபெயர்த்தார் வெங்கட்ராமன்.

காபி முடிந்ததும் பையிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து மேசைமேல் வைத்தார். நடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"எட்டு சிலிண்டர்ல இது ஏழாம் நம்பர். இதுக்கு முன்னாடி ரேஸ்லயும் அதே ஏழு. மத்த ஏழு பிஸ்டனும் ஜம்முனு இருக்கு. பாதித் தூரம் போறது, ஏக்தம் ஓட்டை."

"மாத்துப் பிஸ்டன் இருக்குதுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் இப்போ மாட்டியிருக்கேன். இதுவும் போச்சுன்னா எஞ்சினைக் கழட்டி ஷோகேஸ்ல வெச்சுடுவேன். வீட்டுல சத்தியம் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை ரேஸ்தான் கடைசி."

ஒரு பட்டறைக்காரனை உசுப்ப இது போதும். ஆனால் அந்தக் கடைசி வாய்ப்பு அவருடையதைவிட இன்னொருவருடையது என்று மறுநாள்தான் தெரிந்தது.

வண்டி நிற்கும் கொட்டகை செம்பூரில், கோவண்டிப் பக்கம். டாக்ஸி வேண்டாம், லோக்கல் ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று நான் பெருமையடித்தது தப்பு. மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் இறங்கி, வேறு லைன் மாற வேண்டும். ஏறியது நானில்லை, பின்னால் இருந்தவர்கள் என்னை ஏற்றினார்கள். குர்லா வந்தது. நான் பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுவில் நின்றேன். குர்லா போயும் விட்டது. அடுத்த நிலையத்தில் கூட்டம் என்னைக் கொட்டியபோது கூடவே விழுந்த ஒருவர் இந்தியில் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, இந்த ஊரில் இறங்க வேண்டுமென்றால் ஏறும்போதே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும்." எனக்குத் தலை நரைத்து ரொம்ப நாளாகிறது. தம்பி என்று கூப்பிட்டதற்காகவே அவரை மன்னித்தேன்.

கொட்டகை வாசலில் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்மணிக்கு என் தோள் உயரம்தான் இருக்கும். துப்பட்டாவைத் தலையில் இழுத்துச் செருகிக்கொண்டு நேராக எஞ்சினிடம் போய், அதைத் தட்டிக் கொடுத்தார். வெங்கட்ராமனின் பேத்தியைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவராக்கும் என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். ரேஸ் வண்டியின் டிரைவரும் அவர்தான்.

"சயான் சர்க்கிள்ல இந்தம்மா அந்த வேனை ஓட்டறதைப் பின்னாடி கார்லேந்து பார்த்தேன்" என்றார், எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த வெங்கட்ராமன். "கியர் போட்டா உள்ள தூங்கற கொழந்தை முழிச்சுக்காது. ஆனா எவனும் முந்த முடியாது. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

பெயர் மும்தாஜ். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. அவருடைய தமிழில் பாதி நெல்லை, மீதி பம்பாய்.

"கோயம்புத்தூர்ல இருந்தா வாறிய அண்ணாச்சி? நல்லாப் பாருங்க. இந்த எஞ்சின் எங்கிட்ட என்னமோ கோவத்துல இருக்கு. ரெண்டு ரேஸு. பாதித் தூரம் போகும்போதே டப்புனு சத்தம், மூஞ்சிக்கு நேரா தீ. காலை எடுத்துட்டேன். கடைசிக் கோட்டை இதுவரைக்கும் உருண்டுதான் தாண்டியிருக்கேன். ஒரே ஒரு தடவை, காலை எடுக்காம முழுசா போயிரணும். அதுக்கப்புறம் ஷோகேஸ்ல வச்சாலும் சரிதான்."

"வெச்சிரலாமுங் அம்மணி. முழுசாப் போயிட்டு வெச்சிரலாம்" என்றேன். எங்கள் ஊரில் அம்மணி என்றால் மரியாதை. அவர் வெங்கட்ராமனைத் திரும்பிப் பார்த்து, "அம்மணியாம்லா! பள்ளிக்கூடத்துல எல்லாம் வேன்காரம்மாங்கறாவ" என்று சிரித்தார். பேச்சு சுலபமாகிவிட்டது.

எஞ்சினைக் கிளப்பினோம். தகரக் கூரை அதிர்ந்து, பக்கத்துக் கொட்டகையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். மெத்தனால் புகை கண்ணைக் கரிக்கும். மிளகாய்க்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. எஞ்சின் ஓடும்போது சூப்பர்சார்ஜரின் அடிப்பகுதி சூடாவதற்குப் பதிலாகக் குளிரும். மோர்ப்பானை போல வேர்க்கும். மெத்தனாலுக்கு அந்தக் குணம் உண்டு. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எரிபொருள் குறைந்தால் பிளக்கின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எட்டும் ஒரே நிறம். ஏழாம் நம்பருக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களும் இதே கதை. பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைச் சந்தேகப்பட்டேன், குற்றமில்லை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டை மாற்றினேன், வித்தியாசமில்லை. கோவை மேட்டு ஊர், இது கடலோரம். இங்கே காற்று கனமாக இருக்கும், அதனால் எரிபொருள் போதவில்லையோ என்று ஜெட்டை மாற்றினேன். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. நாங்கள் மாற்றும் ஜெட், மிஞ்சிய எரிபொருள் டேங்குக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. அதைச் சிறிதாக்கினால் எஞ்சினுக்கு அதிகம் போகும், பெரிதாக்கினால் குறையும். சிறிதாக்கினேன். எட்டு சிலிண்டரும் சேர்ந்து இருமின. கடலோரக் காற்றுதான் காரணமென்றால் எட்டும் உருக வேண்டுமே, ஏழு மட்டும் ஏன்? பழைய ஜெட்டையே மாட்டினேன்.

டாக்டர் முன்னால் வந்ததும் வலி நின்றுபோகும் நோயாளியைப் போல எஞ்சின் ஒரு குறையும் காட்டாமல் ஓடியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வடாபாவ் தின்று ஆற்றிக்கொண்டேன். நம் ஊர் போண்டாவை எடுத்துப் பன்னுக்குள் வைத்து ஊரையே ஏமாற்றுகிறார்கள் என்று முதல் நாள் திட்டியவன்தான், நாலாவது நாள் கூடுதல் பூண்டுப்பொடி கேட்டு வாங்கினேன்.

மும்தாஜ் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவார், மதியம் பிள்ளைகளை ஏற்றப் போவார். இடையில் வண்டிக்குள் உட்கார்ந்து, ஹெல்மெட் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை மிதித்து மிதித்துப் பழகுவார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்காமல் இருந்ததுதான் என்னை அதிகம் படுத்தியது. பிஸ்டன் திரும்பவும் உருகினால் தீ அவர் முகத்துக்கு நேராகத்தான் வரும். காரணம் தெரியாமல் அவரை ஓட விட எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் ஓட வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் தாராவியில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே வீடு. ஏணி போன்ற படியில் நான் ஏறியதைப் பார்த்துத் தெருவே கவலைப்பட்டது. கணவர் செய்யது பட்டறை முதலாளி. குரலே வெளியே வராத மனிதர். மட்டன் பிரியாணியை என் தட்டில் குவித்துக்கொண்டே இருந்தார். கோவையில் பிரியாணிக்கு அரிசி பொடியாக இருக்கும், இங்கே பாஸ்மதி. ஆனால் மசாலாவில் திருநெல்வேலி விடவில்லை. வாயைத் திறந்தால் "இன்னும் கொஞ்சம்" என்று நினைத்துவிடுவார் என்பதால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

"ரேஸைப் பாக்க வருவீங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். மும்தாஜ்தான் பதில் சொன்னார்: "வரமாட்டாவ அண்ணாச்சி. நான் வண்டியில ஏறினா இவுகளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். வீட்டுல உக்காந்து ஓதிக்கிட்டே இருப்பாவ. ஆனா முந்தின நாள் எண்ணெய் வடிச்சுத் தாரது இவுகதான். வேற யாரையும் தொட விடமாட்டாவ."

"எண்ணெயா?"

"மெத்தனாலைத்தான் சொல்லுதேன்."

சாயங்காலம் செய்யது எங்களோடு செம்பூர் வந்தார். கையுறை போட்டு, மூக்கில் துண்டு கட்டி, "பிஸ்மில்லா" சொல்லி, ஒரு பெரிய புனலின் வாயில் மெல்லிய செம்மறித் தோலை விரித்தார். குழந்தைக்குச் சட்டை தைக்கலாம், அவ்வளவு மென்மை. பட்டறையின் சரக்கிலேயே முதல்தரத் தோல். டிரம்மிலிருந்து மெத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அது தோலில் ஊறி, கீழே கேனில் துளித்துளியாக விழுந்தது.

"எங்க வாப்பா துறைமுகத்துல லாஞ்சுப் படகு ஓட்டினவுக" என்றார் செய்யது. அன்றைக்கு அவர் நீளமாகப் பேச ஆரம்பித்தது அப்போதுதான். "பெட்ரோலைத் தோல்ல வடிச்சுத்தான் ஊத்துவாவ. தண்ணி, தூசி ஒண்ணும் கீழ இறங்காது. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுரக் கூடாதுல்லா? இவ வண்டியும் நின்னுரக் கூடாது."

பெட்ரோலுக்கு அது மிகச் சரி. நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன். அதனால் கேனை எட்டிப் பார்க்கும்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மெத்தனால் வெறும் தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். டிரம்மில் அப்படித்தான் இருந்தது. கேனில் விழுந்ததில் வெளிறிய வைக்கோல் நிறம் ஏறியிருந்தது.

நான் டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடியில் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். இன்னொரு மூடியில் டிரம்மிலிருந்து நேராக. சீக்கிரம் காய்ந்துவிடும் சரக்கு அது. டிரம் மூடி பளிச்சென்று இருந்தது. கேன் மூடியில் பழுப்பாக ஒரு வளையம், விரல் வைத்தால் ஒட்டியது.

செய்யது குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பிசினை விரலில் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது தோல் பதப்படுத்தறதுக்கு விடுத எண்ணெய்" என்றார்.

தோல் விஷயத்தில் அவருக்கு மேல் நான் என்ன சொல்ல? பெட்ரோலுக்கு அசையாத அந்த எண்ணெயும் சாயமும் மெத்தனாலில் கரைந்துவிடுகின்றன. கரைந்து போவதை எந்தக் கம்பி வலையும் பிடிக்காது. சனிக்கிழமை இப்படி வடித்ததை ஊற்றி எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துவார்கள். மிச்சம் இருப்பது வடிந்து, எல்லாவற்றிலும் தாழ்ந்து தொங்கும் ஏழாவது குழாயில் தேங்கும். மெத்தனால் ஆவியாகிவிடும், பிசின், சிலிண்டருக்கு எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலின் வாயில் தங்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி. பிஸ்டன் உருகிய பிறகு பிரித்து எல்லாவற்றையும் கழுவித் துடைப்பதால் தடயமும் இருக்காது. நான் இத்தனை நாள் ஓட்டிப் பார்த்தது டிரம்மிலிருந்து நேராக எடுத்த மெத்தனாலில்.

இதையெல்லாம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு தடவையும் நாந்தான வடிச்சேன்" என்றார் செய்யது. "அவ மூஞ்சிக்கு நேரா தீ வந்துதுன்னு சொன்னாளே. அது நான் பண்ணினது."

வெங்கட்ராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் காரணம் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அந்த மனிதரைப் பார்க்க முடியாத சங்கடம் ஒரு பக்கம். மும்தாஜ் எவர்சில்வர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் முதலில் கோபத்தில்தான் சிவந்தது. அதை நான் பார்த்தேன். இரண்டு ரேஸ் போனது அவருடையதல்லவா? பிறகு புனலிலிருந்து தோலை உருவி, மடித்து, கணவரின் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு நீங்க வாங்க" என்றார். "வீட்டுல உக்காந்து பயப்படுததுக்கு அங்க வந்து பயப்படுங்க. நானும் தனியாத்தான் பயப்படுதேன்."

நாசில், குழாய், பம்பு எல்லாவற்றையும் இன்னொரு முறை கழுவினோம். கேனில் இருந்ததைக் கழிவு டிரம்மில் கொட்டிவிட்டு, சீல் உடைக்காத டிரம் ஒன்றைத் திறந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்கு வெளியே, விமானம் இறங்காத ஒரு பழைய ஓடுதளம். போகும் வழியில் எங்கள் லாரி ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. குதிரைமேல் இருந்த மாப்பிள்ளை எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்பவே இல்லை. "இந்தக் குதிரைக்கு உங்கள் வண்டியை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறான்" என்று லாரி டிரைவர் சொன்னதாக வெங்கட்ராமன் மொழிபெயர்த்தார். மாப்பிள்ளைக்கு அந்த எண்ணம் நிச்சயமாக இருந்தது.

கிளம்பும் கோட்டுக்குப் பின்னால் நானும் செய்யதும் நின்றோம். அவர் முட்டை சாண்ட்விச் ஒன்றைக் கையில் வாங்கி, பிரிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பஞ்சு கொடுத்தேன். வேண்டாமென்றார்.

பச்சை விளக்கு விழுந்தது. அந்தச் சத்தத்தைக் காது கேட்பதில்லை, வயிறுதான் கேட்கிறது. பின்சக்கரங்கள் சுருங்கி விரிந்து, வண்டி போய்விட்டது. பாதித் தூரத்தில் செய்யது என் முழங்கையைப் பிடித்தார். சத்தம் தணியவில்லை. ஒரே சுருதியில், இன்னும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வெள்ளைப் பாராசூட் விரிந்தது. அதன் பிறகுதான் எஞ்சின் நின்றது, மும்தாஜ் நிறுத்தியதால் நின்றது. வெங்கட்ராமன் வயதை மறந்து குதித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டியை இழுத்து வந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் ஏழாவது பிளக்கைக் கழற்றினேன். மற்ற ஏழைப் போலவே அதுவும் சுத்தமாக இருந்தது. சொல்லப்போனால் எட்டிலும் எரிபொருள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அடுத்த ஓட்டத்துக்கு ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் வேகம் கூடும். பிஸ்டன் உருகாமல் காக்கும் இடைவெளி குறையும், ஆனால் போதுமான அளவு இருக்கும். ஓட்டப் போவது மும்தாஜ் என்பதால் அவரிடம் கேட்டேன். "இதைப் போயிக் கேக்கியளா அண்ணாச்சி? போடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் ஸ்பானரோடு குனிந்திருந்தபோது செய்யது பக்கத்தில் வந்து நின்றார். ஒரு தடவை ஓடியாகிவிட்டது, போதும், நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தூரத்தில் மும்தாஜ், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முடியெல்லாம் வேர்வையில் ஒட்ட, மற்ற வண்டிக்காரர்களுக்கு நடுவில் கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்க முடியாமல் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார்.

"நான் வீட்டுல உக்காந்து பயந்துக்கிட்டே இருந்தேன் அண்ணாச்சி" என்றார் செய்யது. "இவ இப்படிச் சிரிப்பான்னு யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த ஜெட்டைப் பார்த்தார்.

"அடுத்த ரவுண்டு எப்போ?"